விளம்பரக் காசில் நடக்கும் கம்பெனியில் நல்ல இன்ஜினியரிங் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வருட இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு இண்டர்வியூ பயிற்சி கொடுத்து வருகிறேன். குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். பெங்களூரில் விளம்பர வருமானத்தில் நடக்கும் ஒரு கம்பெனியில் பல வருடம் சர்வர் பக்க வேலை பார்த்தவள் நான். அதனால் கோடிங் சந்தேகம் தீர்ந்ததும் பேச்சு அங்கே போய்விடும். அந்த மாதிரி வேலைக்குப் போகலாமா, போனால் தப்பா, ஏற்கெனவே போய்விட்டோமே என்ன செய்வது என்று கேட்பார்கள். வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும், சில சமயம் பெற்றோரும் கேட்பார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். சுலபமானவை முதலில்.

அக்கா, விளம்பரத்தில் ஓடும் கம்பெனி என்றால் எது எது? கூகுள்கூடவா?

கூகுள்தான் முதலில். அதன் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டுக்கு 2023-இல் சுமார் 30,700 கோடி டாலர் வருமானம். அதில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டாவுக்கு அதே வருடம் நூறு ரூபாய் வந்தால் 97 ரூபாய்க்கு மேல் விளம்பரத்தில் வந்தது. பொருள் விற்கும் ஆப்புகளும் இப்போது தேடல் பட்டியலில் இடத்தை விற்கின்றன. இவற்றுக்கு நடுவில், விளம்பர இடத்தை வாங்கி விற்கும் கம்பெனிகள் தனியாக இருக்கின்றன. பெயர் வெளியே தெரியாது, பெங்களூரிலும் சென்னையிலும் ஆபீஸ் இருக்கும். "நான் விளம்பரக் கம்பெனிக்குப் போகவில்லை" என்று நினைத்துக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய பேர்.

விளம்பரம் போடுவதில் அப்படி என்ன தப்பு? பேப்பரில் காலங்காலமாக வருகிறதே?

தப்பு என்று நான் சொல்லவில்லை. குடியாத்தத்தில் தறி வைத்து லுங்கி நெய்பவர் முன்பெல்லாம் மொத்த வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். இன்று அவர் மகன் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் செலவு செய்து, கேரளத்தில் லுங்கி தேடுகிறவர் போனிலேயே தன் சரக்கைக் காட்ட முடிகிறது. இந்த நன்மையை மறைத்துவிட்டுப் பேசினால் மேற்கொண்டு பேசுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

பேப்பர் விளம்பரத்துக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. பேப்பர் நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கத்தில் கண் நின்றது, நேற்று என்ன படித்தோம், எந்த ஊரில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அப்புறம், பேப்பர் படித்தால் முடிந்துவிடும், மடித்து வைத்துவிடலாம். ஆப்புக்கு முடிவு கிடையாது. எவ்வளவு நேரம் அதில் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். என் கவலையெல்லாம் இந்த இரண்டைப் பற்றித்தான்.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி, தேடுகிறவரை விட்டுவிட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எழுதினார்கள். உதாரணமும் கொடுத்தார்கள்: செல்போன் என்று தேடியபோது அவர்களுடைய தேடுபொறி முதலில் காட்டியது, வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுவதில் உள்ள ஆபத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. போன் கம்பெனியிடம் காசு வாங்குகிறவர் அதை முதலில் காட்டத் தயங்குவார் என்றார்கள். 2000 அக்டோபரில் அவர்களே விளம்பரச் சேவையைத் தொடங்கினார்கள். இவ்வளவு தெளிவாக யோசித்தவர்களையே வருமானத் தேவை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்றால், வேலைக்குச் சேரும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்ம டேட்டாவை விற்றுவிடுகிறார்கள் என்கிறார்களே, நிஜமா?

பெரிய கம்பெனிகள் உங்கள் விவரத்தைப் பட்டியல் போட்டு விற்பதில்லை. உங்கள் விவரம்தான் அவர்களுடைய மூலதனம். அதைக் கையை விட்டு விடமாட்டார்கள். "வேலூரில் இருக்கும், கல்யாணத்துக்கு நகை தேடும் பெண்களுக்குக் காட்டு" என்று விளம்பரதாரர் கேட்பார். யார் அந்தப் பெண்கள் என்று அவருக்குச் சொல்லாமலே காட்டித் தருவார்கள்.

ஆனால் மற்ற இணையப் பக்கங்களில் விளம்பர இடத்துக்கு நடக்கும் ஏலம் வேறு மாதிரி. யார் போன், எந்த ஊர், எந்தப் பக்கம் என்ற விவரம் ஏலம் கேட்கும் பல கம்பெனிகளுக்கும் போகும். ஏலத்தில் தோற்றவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். ஆகவே "விற்கவில்லை" என்பது சொல்லளவில் உண்மை, அவ்வளவுதான்.

வேலை உண்மையிலேயே அவ்வளவு சுவாரஸ்யமா? இல்லை, சம்பளத்துக்காக அப்படிச் சொல்கிறார்களா?

உண்மையிலேயே சுவாரஸ்யம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கும் ஒரு வங்காளக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மகன் போனில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கம் முழுசாக வருவதற்குள், அதில் உள்ள ஒரு காலி இடத்துக்கு ஏலம் நடந்து முடிந்துவிடும். ஏலம் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 100 மில்லிசெகண்ட், அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள், இந்த ஆள் இந்த விளம்பரத்தைத் தட்டுவாரா, ஆயிரத்தில் இரண்டு பேர் தட்டுவார்களா மூன்று பேரா என்று ஒரு மாடல் (கணிப்பு ப்ரோகிராம்) கணிக்க வேண்டும். அந்த வாய்ப்பை விளம்பரதாரர் ஒரு தட்டலுக்குத் தரும் காசோடு பெருக்கி, விலை சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் கோடிக்கணக்கான ரூபாய் நிற்கிறது. ப்ராபபிலிட்டி, நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம் என்று தனித்தனிப் பேப்பராகப் படித்ததெல்லாம் அங்கே ஒரே நாளில் கைக்கு வேண்டியிருக்கும். இவ்வளவு பெரிய கணக்கைத் தொட்டுப் பார்க்க வேறு இடம் அதிகம் இல்லை.

என் பயமும் அங்கேதான். இரண்டு மில்லிசெகண்டைக் குறைக்க வாரக்கணக்கில் மூழ்கியிருக்கும்போது அந்த மகன் ஞாபகத்துக்கு வரமாட்டார். அவர் என்ன நிலைமையில் இருக்கிறார், கடைசியில் அவர் கண்ணில் பட்டது மருந்துக் கடை விளம்பரமா, "அறுவை சிகிச்சை தேவையில்லை" என்கிற புரட்டு விளம்பரமா என்று கேட்கவே தோன்றாது. சலிப்பான வேலையில் இருப்பவன் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான், "எதுக்கு இதைச் செய்யறோம்" என்று யோசிப்பான். பிடித்த வேலையில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. பெங்களூரில் பெரிய ஆபீஸ் உள்ள இன்மொபி என்ற விளம்பரக் கம்பெனி மீது அமெரிக்காவின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-இல் நடவடிக்கை எடுத்தது. லொகேஷன் தர மறுத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அந்தக் கம்பெனி கண்டுபிடித்தது என்பது குற்றச்சாட்டு. லொகேஷன் தந்தவர்களின் போன்களிலிருந்து எந்த வைஃபை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் சேர்த்து, மறுத்தவர் போனுக்குப் பக்கத்தில் தெரியும் வைஃபையை அதோடு பொருத்திப் பார்த்ததாகச் சொன்னார்கள். 9.5 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கு முடிந்தது. அந்த யோசனையை வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் போட்டுவிடுவார்கள், சந்தோஷமும் படுவார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாரே என்று எத்தனை பேர் கேட்பார்கள்?

நான் விளம்பர டீமிலேயே இல்லை. டேட்டாபேஸ் பார்க்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் சம்பந்தம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. உங்கள் டேட்டாபேஸில் மெயிலும் இருக்கும், மேப்பும் இருக்கும், விளம்பரமும் இருக்கும். அதை ஒழுங்காக ஓட வைப்பவருக்கும், பள்ளிப் பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்கு மேலும் ஆப்பில் இருக்க என்ன நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம் என்று முடிவு செய்பவருக்கும் பொறுப்பு ஒன்றாகாது. "எல்லோரும் ஒரே குட்டை" என்று பேசுவது கடைசியில் அந்த முடிவை எடுத்தவரைத் தப்பிக்க விடுவதில்தான் முடியும்.

எவ்வளவு சம்பந்தம் என்று தெரிய ஒரு வழி சொல்கிறேன். எந்த டீமுக்கும் தலைக்கு மேலே ஒரு எண் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் காட்டித்தான் ரிவ்யூ நடக்கும். அந்த எண் என்ன, அது ஏறினால் வெளியே யாருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். யூடியூப் 2012-இல் எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பிரதான எண்ணாக்கியது. தலைப்பில் ஏமாற்றித் தட்ட வைக்கும் வீடியோக்களைப் பின்னுக்குத் தள்ள அது உதவியது, அது நல்லது. பிறகு உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம் என்ற இலக்கு வந்தது. அதைத் தொட்டுவிட்டதாக 2017-இல் அறிவித்தார்கள். அந்த 100 கோடி மணி நேரத்தில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு தூக்கம் கெட்டது என்று அந்த எண்ணே சொல்லாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் டீமின் எண் "எரர் குறைய வேண்டும்", "மின்சாரம் குறைய வேண்டும்" என்ற வகையாக இருந்தால் நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

நான் எழுதுவது முழுக்க ஓப்பன் சோர்ஸ். அது எல்லோருக்கும்தானே?

ஆமாம், அது நிஜமான நன்மை. 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டீஸ், பிறகு வந்த பைடார்ச் என்று யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இந்த மென்பொருள்கள் இல்லாமல் இன்று நம் பிள்ளைகளின் கல்லூரி ப்ராஜெக்ட்கூட நடக்காது. இதற்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது முந்தைய பதில்களிலேயே இருக்கிறது. நாளைக்குக் கம்பெனி அழிந்தாலும் உங்கள் கோடு மிஞ்சும் என்பதால் இந்த வகை வேலையை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

வீட்டில் படிப்புக் கடன், தங்கச்சி கல்யாணம். இதையெல்லாம் யோசிக்க எனக்கு வசதி இருக்கிறதா அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி, அப்பா ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார், அம்மா பீடி சுற்றுகிறார் என்றால், கொள்கைக்காக நல்ல சம்பளத்தை விடு என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்பா சொத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள்.

ஆனால் யோசிப்பதற்கு வசதி தேவையில்லை. "வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான் வசதி தேவை. அந்த வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் சம்பளத்திலேயே கார் லோன், இரண்டாம் வருடம் பெங்களூரில் ஃபிளாட் என்று மாட்டிக்கொண்டால், நாளைக்கு மனசுக்கு ஒப்பாத வேலையைக் கொடுத்தாலும் தலையாட்டத்தான் வேண்டும். படிப்புக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். அப்புறம் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் வங்கியில் இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். ஷேர் தருகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். "இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் முழுசாக வந்துவிடும்" என்று எத்தனையோ பேரை அது கட்டிப்போட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், விளம்பரம் கொண்டுவருவதில் ஒத்துப்போக முடியாமல் 2017-இல் வெளியேறியபோது சுமார் 85 கோடி டாலர் மதிப்புள்ள ஷேரை விட்டுவிட்டுப் போனார். அவர் ஏற்கெனவே பெரும் பணக்காரர், அதனால் முடிந்தது. நமக்கு அந்த ஆறு மாதப் பணம்தான் துணை.

எங்கள் தாத்தா தோல் கம்பெனியில் வேலை செய்து அப்பாவைப் படிக்க வைத்தார். பாலாறு கெட்டதற்கு அவரையும் குற்றம் சொல்வீர்களா?

ராணிப்பேட்டைப் பையன் ஒருவன் கேட்டது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலால் வளர்ந்த ஊர்கள். தோல் பதனிடுவது எளிதான வேலையும் இல்லை. அதில் நல்ல கெமிஸ்ட்ரி இருக்கிறது, நல்ல கைத்திறன் இருக்கிறது. கழிவு நீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் தொழில் நாட்டுக்கு அன்னியச் செலாவணி ஈட்டித் தருவதை ஒப்புக்கொண்டு, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க உரிமை கிடையாது என்றார்கள். கெடுத்தவரே நஷ்டம் கொடுக்க வேண்டும். கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவரைச் சேர்ந்தது என்றார்கள்.

உங்கள் தாத்தா மேல் நான் எந்தக் குற்றமும் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவருக்குக் கழிவை எங்கே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. உடம்பில் முதலில் பட்டதும் அவருக்குத்தான். சுத்திகரிப்புச் செலவை மிச்சம் பிடித்தவர், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர், இவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இப்போது உங்களையே கேளுங்கள்: கம்பெனியில் உங்கள் இடம் தாத்தா நின்ற இடமா, கையெழுத்துப் போட்டவர் உட்கார்ந்த இடமா? இன்றைக்கு ஒரு சீனியர் இன்ஜினியர் இரண்டாவதற்குத்தான் பக்கத்தில் இருக்கிறார். எதை எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே எழுதும் டிசைன் டாக்குமெண்டில் அவர் பெயர் இருக்கிறது. "இது வேண்டாம்" என்று அவர் எழுதினால் கூட்டம் ஒரு வாரமாவது தள்ளிப்போகும். அந்த அதிகாரம் தாத்தாவுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

நான் போகாவிட்டால் இன்னொருத்தன் போவான். வேலை நடக்கத்தானே போகிறது?

நடக்கும். ஆனால் இந்த வாதத்தை வைத்து எந்த வேலையையும் நியாயப்படுத்திவிடலாம், அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. போவதென்றால் போங்கள், "எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, சம்பளமும் வேண்டும்" என்று நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

உள்ளே போய் மாற்றலாம் என்று நினைக்கிறேன். நடக்குமா?

சிறியது நடக்கும், பெரியது எப்போதாவது நடக்கும், நடந்ததும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2018-இல் அமெரிக்க ராணுவத்துக்கு ட்ரோன் படங்களை அலசும் மேவன் திட்டத்தை எதிர்த்து கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பெனி சொன்னது. ஆயுதத்துக்கு ஏஐ செய்யமாட்டோம் என்று எழுதியும் வைத்தது. 2025 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஃபேஸ்புக்கில் நடந்த ஒரு சின்ன விஷயம். 2017-இல் லைக்கைத் தவிர மற்ற எமோஜிகளுக்கு, கோப எமோஜி உட்பட, லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்தார்கள். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில் அது ஒரு எண், வேறொன்றும் இல்லை. கோபத்தைக் கிளறும் பதிவுகளுக்கு அது ஏணி வைத்துக் கொடுத்தது. கம்பெனிக்குள்ளேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள், கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் கோப எமோஜியின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். உள்ளே இருந்து மாற்றுவது என்றால் நடைமுறையில் இதுதான்: ஒரு எண், அதற்கு வருடக்கணக்கில் வாதம். இதெல்லாம் வெளியே தெரிய வந்தது, அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021-இல் ஆவணங்களோடு வெளியே வந்து பேசியதால். மாற்றப் போகிறேன் என்பவர்கள் அந்தப் பொறுமை தனக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இண்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா" என்பார்களே, அப்போது என்ன கேட்கலாம்?

"இந்த டீம் எந்த எண்ணை ஏற்றப் பார்க்கிறது?" என்று கேளுங்கள். "அந்த எண் ஏறுவது தெரிந்தும் வேண்டாமென்று விட்ட ஒரு மாற்றத்தைச் சொல்ல முடியுமா?" என்றும் கேளுங்கள். நல்ல மேனேஜர் உடனே ஒன்றைச் சொல்வார், சொல்லும்போது அவருக்கே உற்சாகம் வரும். யோசித்துவிட்டுப் பொதுவாகப் பேசினால் அப்படி ஒன்று நடந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மரியாதையாகக் கேட்டதற்காக யாரும் வேலை தராமல் போனதை நான் பார்த்ததில்லை.

லீகல் டீம் சரி என்று சொல்லிவிட்டது. அப்புறம் எனக்கென்ன?

சட்டம் சொல்வதை முதலில் ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள். பல இன்ஜினியர்களுக்கு அதுவே தெரியாது. 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடவடிக்கையைப் பின்தொடர்வதற்கும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. அதே வருடம் நவம்பரில், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை ஸ்கிரீன் தந்திரங்களைத் தடை செய்து மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. "இன்னும் இரண்டே அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது எல்லாம் அதில் வரும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே தடை.

ஆனால் சட்டம் தாமதமாகத்தான் வரும். ஆன்லைன் ரம்மி விளம்பரம் வருடக்கணக்கில் எல்லோர் போனிலும் ஓடியது. தமிழ்நாட்டில் 2022-இல் சட்டம் வந்தது, கோர்ட்டில் ரம்மி தப்பித்தது. 2025-இல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் மொத்தமாகத் தடை செய்தது. அதற்குள் பணத்தையும் உயிரையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைப்பட்ட வருடங்களில் லீகல் டீம் "சரி" என்றுதான் சொல்லியிருக்கும்.

மனசுக்கு ஒப்பாத ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமா?

பெரும்பாலும் போகாது, சொல்லும் விதம் முக்கியம். "இது அநியாயம்" என்று கூட்டத்தில் தொடங்காதீர்கள். டிசைன் டாக்குமெண்டிலேயே எழுதுங்கள்: இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன ஆகும், எதை வைத்துச் சொல்கிறேன், இதற்குப் பதில் இப்படிச் செய்யலாம், அதனால் எண் இவ்வளவு குறையும். எழுத்தில் இருக்கும்போது மறுப்பவரும் எழுத்தில் மறுக்க வேண்டும். நிறைய பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு வேலை கேளுங்கள், பிறகு வேறு டீம். கடைசியில்தான் ராஜினாமா, அப்போதுதான் அந்த ஆறு மாதப் பணம்.

சம்பாதித்து ஊருக்குச் செய்தால் சரியாகிவிடாதா?

ஊருக்குச் செய்யுங்கள், அரசுப் பள்ளிக்கு லேப் கட்டிக் கொடுங்கள், நான் வந்து ரிப்பன் பிடிக்கிறேன். ஆனால் கெடுதல் போய்ச் சேர்ந்த ஆளும் நீங்கள் கொடுத்த ஆளும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நோட்டில் வரவு செலவாக எழுத முடியாது.

அப்போ விளம்பரமே இல்லாத கம்பெனிக்குப் போனால் நிம்மதிதானே?

அப்படி நினைத்துப் போய் அடிபட்டவர்களைத் தெரியும். அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் அழைத்து மானத்தை வாங்கும் லோன் ஆப்புகளுக்கு வருமானம் விளம்பரத்தில் வரவில்லை. ரம்மி ஆப்பும் அப்படித்தான். காசு நேராக வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. டேட்டாபேஸ்காரருக்குச் சொன்ன எண் சோதனை இங்கேயும் பொருந்தும். ஆஸ்பத்திரி மென்பொருள், வங்கி, ரயில்வே, விவசாயம் என்று வேறு துறைகளிலும் கடினமான கணக்குகள் இருக்கின்றன. சம்பளம் குறைவு, அதை மறைக்க வேண்டாம்.

எங்க அம்மா, நான் வேலை செய்யும் கம்பெனியின் ஆப்பில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

முதலில் வீட்டு விஷயம். அடுத்த ரயிலைப் பிடித்து வந்து அம்மாவை அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போனில் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார். மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று டாக்டர் சொல்லட்டும்.

அடுத்து ஆபீஸ். "அது என் டீம் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்த வீடியோவின் தமிழைப் புரிந்துகொள்ளும் ஆள் அந்தக் கட்டிடத்தில் குறைவு. ஹாகன் கொண்டுவந்த ஆவணங்களில் ஒரு கணக்கு இருந்தது: தவறான தகவலை இனம் காணச் செலவிடும் நேரத்துக்கான ஃபேஸ்புக்கின் பட்ஜெட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே போனது, மற்ற உலகம் முழுவதற்கும் 13 சதவீதம். அது முழுக் கணக்கு இல்லை என்று ஃபேஸ்புக் சொன்னது. அதை ஒப்புக்கொண்டாலும், தமிழுக்கு அதில் எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆப்பில் உள்ள ரிப்போர்ட் பட்டனோடு நிறுத்தாமல் கம்பெனிக்குள்ளே ஒரு டிக்கெட் (புகார் பதிவு) போடுங்கள். வீடியோவின் லிங்க், அதில் சொல்லும் வாக்கியம் தமிழில் அப்படியே, கீழே அதன் பொருள், எந்த நிமிடத்தில் வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன விளம்பரம் ஓடியது, அம்மாவுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது (தேடினாரா, தானாக வந்ததா) எல்லாம் எழுதுங்கள். தானாக வந்தது என்றால் அதைப் பரிந்துரை டீமுக்கும் அனுப்புங்கள், அது அவர்களுடைய எண்ணின் வேலை. யார் உடம்புக்கு என்ன ஆனது என்பதை அம்மாவிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் அதே டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, உங்கள் மேனேஜரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.